கழுவாமல் வைத்த ரோல்

எடுத்து முடித்த ஃபிலிம் ரோலை விமான நிலையத்து எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் விடலாமா கூடாதா என்று நான் படித்த அளவுக்கு என் பிரசவத்தைப் பற்றிக்கூடப் படித்ததில்லை. விடலாம் என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். விடவே கூடாது என்று நாலு பேர். ஒருவர் மட்டும் ‘எங்கள் ரோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் படமும் வரவில்லை’ என்று நடுநிலை வகித்திருந்தார். இத்தனைக்கும் ரோல் என் கையில் இல்லை. நான் திருச்சியில் இருந்தேன். அது இலங்கையில், தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், என் மாமியாரின் தகரப் பெட்டிக்குள், முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கழுவப்படாமல் இருந்தது.

நான் போனது துக்கம் கேட்க. என் கணவர் செந்தில் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். திருச்சிக்குப் படிக்க வந்து, வேலை கிடைத்து, என்னையும் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டவர். அவருடைய அப்பாவின் தங்கை சரோஜாவின் கணவர் சர்க்கரை வியாதியில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. செந்திலுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் குழந்தைக்காக வேலையை விட்டவள், ஆகவே குடும்பத்தின் எல்லாக் கடமைகளுக்கும் தகுதி பெற்றவள். மூன்று வயது யாழினியையும், அவளுக்கான மருந்துப் பையையும், கொதிக்கவைத்த தண்ணீரையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ரோல் விஷயம் பிற்பாடு சேர்ந்துகொண்டது. மாமியார் ஒருநாள் போனில், “ஒங்கப்பா படம் ஒரு ரோல்ல கெடக்கு தம்பி. இனிமே கழுவிக்கலாம்” என்றார். செந்தில் அன்று சாப்பிடவில்லை. அவருக்கு ஒரு வயது நிரம்பும் முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அடையாள அட்டை இல்லாத தோட்டத்து ஆட்களில் அவரும் ஒருவர்; ஆகவே அட்டைக்கான படமும் இல்லை. செந்தில் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. இவ்வளவு காலம் ஏன் கழுவவில்லை என்று கேட்டால், மாமியார் சொன்ன பதில்: “வச்சிருந்தோம்.”

முதல் நாள். த்ரீவீலர் மலைப்பாதையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் திரும்பித் திரும்பி யாழினியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்னை அழைக்க வந்திருந்த ராமையா மாமா, அதாவது என் மாமனாரின் தம்பி, மொழிபெயர்த்தார்: “புள்ளைக்கு சாக்ஸ் போட்டு விட்டது நல்லதாம். அட்டைக்கு ஏற வசதியா இருக்குமாம்.” நான் உடனே சாக்ஸைக் கழற்றினேன். பிறகு குளிருமோ என்று மாட்டினேன். பிறகு கழற்றினேன். தோட்டத்து வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள்; லயத்து வாசலில் இறங்கியபோது அட்டை என் காலில் இருந்தது.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்தில் வேலை முடித்து ஓய்வு பெற்றவர். திருச்சிக்கு வரச்சொன்னால், “அங்க என்னா இருக்கு, வெயிலு” என்பார். எனக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும், யாழினிக்குச் சீனி போட்ட பிளேன்டியும் வைத்தார். மூன்று வயதுக்குத் தேத்தண்ணீர் கூடாது என்று நான் நினைத்து முடிப்பதற்குள் யாழினி இரண்டாவது கோப்பை கேட்டுவிட்டாள்.

அக்கம்பக்கத்து லயங்களில் இருந்து வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைப் பார்த்து “அப்படியே தாத்தா” என்றார்கள். ஒருவர் மூக்கு என்றார், ஒருவர் காது, ஒருவர் கோபம். ராமையா மாமா நடை என்றார். சரிபார்க்க வழியில்லாத விஷயத்தில் மனிதர்களுக்கு வரும் தெளிவே தனி. அத்தை எழுந்து எல்லாருக்கும் பிளேன்டி ஊற்றப் போனார்.

அன்று மாலை ராமையா மாமா ரோலின் வரலாற்றைச் சொன்னார். அவர் இரண்டு வருஷம் குவைத்தில் இருந்தவர். இன்றைக்கும் எதைச் சொன்னாலும் குவைத் வழியாகத்தான் சொல்வார்.

“குவைத்துல இருந்து கேமரா கொண்டாந்தேன். தங்கச்சி சரோஜா கல்யாணத்துக்குப் படம் புடிக்க வர்றதா இருந்த ஸ்டூடியோக்காரன் வரல, ரோட்டுல மண் சரிஞ்சு கெடந்துச்சு. நாந்தான் எடுத்தேன். அண்ணன் எல்லாத்துலயும் நிப்பாரு. ஏழெட்டுப் படம் மிச்சம். ரோல் முடியட்டும், முடிச்சிட்டுக் கழுவலாம்னு இருந்தோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் அண்ணன் போயிட்டாரு. கல்யாண ரோல் பாருங்க. மிச்சத்துல எழவு எடுக்க முடியுமா?”

சிரிக்கலாமா என்று யோசித்தேன். எங்கள் வீட்டிலும் கண்ணாடி டம்ளர் செட் ஒன்று நல்ல நாளுக்காகப் பதினைந்து வருஷமாக அட்டைப் பெட்டியில் இருக்கிறது. அதனால் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் சரோஜாவைப் பார்க்கப் பலாங்கொடைப் பக்கம் போனோம். அழுதோம். பலாக்காய்க் கறியோடு சோறு போட்டார். துக்க வீட்டில் இரண்டாம் முறை கறி கேட்கலாமா என்ற சங்கடத்தில் நான் இருக்க, அவரே கரண்டியைக் கவிழ்த்தார். பேச வேறெதுவும் கிடைக்காமல் எக்ஸ்ரேக்குப் பயந்து ரோலை இங்கேயே கழுவப் போகிறோம் என்று சொல்லிவைத்தேன். “கழுவுங்க. இனிமே யாருக்கு என்னா?” என்றார். துக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. அந்தச் சப்ரகமுவ மாகாணத்தில் வெயில் என்பது விருந்தாளி மாதிரி. வந்தால் எல்லா வேலையையும் போட்டுவிட்டு அதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு லயத்து வாசலிலும் பாய், தலையணை, மிளகாய். அத்தை தகரப் பெட்டியைத் திறந்து தன் கூறைச் சேலையை எடுத்துக் கொடியில் போட்டார். அதன் மடிப்புக்குள் இருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ரோலைச் சுளகில் மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

“அத்தை! என்ன பண்றீங்க?”

“காய வைக்கிறேன். பூஞ்சணம் புடிக்கும்ல. வருஷா வருஷம் சேலையோட சேத்து இதையும் வெயில்ல வச்சிருவேன்.”

சுளகில் இருந்து ரோலைப் பிடுங்கிக்கொண்டேன். நான் படித்தவரைக்கும் விஷயம் இதுதான். கேமராவைச் சொடுக்கியதும் ஃபிலிமில் விழுவது படம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு தடம். மருந்தில் கழுவினால்தான் அது படமாகும். தாமதிக்கத் தாமதிக்கத் தடம் மங்கிக்கொண்டே போகும். ஃபிலிமோ வெளிச்சம் படாமலே தானாகக் கருத்துக்கொண்டே வரும். ஒன்று தேய, ஒன்று வளர, நடுவில் படம் அமுங்கிவிடும். சூடும் ஈரமும் இதை வேகப்படுத்தும். சூடும் ஈரமும் கூடாது என்று எழுதியவர்கள் சப்ரகமுவவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். வருஷமெல்லாம் ஈரத்தில் ஊறி, வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் வெந்து, இந்த ரோல் பக்தியோடு பராமரிக்கப்பட்டிருந்தது. அலட்சியமாக எங்கேயாவது குளிர்ந்த மூலையில் போட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

செந்திலுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் ஐந்து இணைப்புகள் வந்தன. உடனே குளிர்பெட்டியில் வைக்கவும். அந்த லயத்தில் குளிர்பெட்டி இருந்தது சந்திக் கடையில் மட்டும். முப்பது வருஷம் காய்ந்த பொருளை இரண்டு நாள் குளிரவைத்துக் காப்பாற்றும் நம்பிக்கையோடு, அதை சிலிசிலி என்று அங்கே சொல்லும் பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள், அதை இன்னொரு பைக்குள் கட்டி, ஐஸ் பாக்கெட்டுகளுக்கும் மீனுக்கும் நடுவே வைத்துவிட்டு வந்தேன். பாதி வழியில் உள்ளே வியர்க்குமே என்று தோன்றித் திரும்பிப் போய் எடுத்தேன். எடுத்தால் சூடாகுமே என்று மீண்டும் வைத்தேன். கடைக்காரர் சிங்களத்தில் மனைவியிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்ற பெண் எனக்குத் தமிழில் சொல்லித் தந்தார்: “இந்தியாக்காரம்மா கொண்டாந்த மருந்தோ என்னவோ, கைய வச்சிறாத.”

கழுவக் கிளம்பலாம் என்றால் ராமையா மாமா விடவில்லை. முதலில் செவ்வாய்க்கிழமை என்றார். அடுத்து அஷ்டமி. காலையில் ராகுகாலம், மத்தியானம் எமகண்டம், சாயங்காலம் ஸ்டூடியோ பூட்டியிருக்கும்.

“மாமா, ஃபிலிமுக்கு ஒவ்வொரு நாளும் கெடுதல்.”

“முப்பது வருஷம் இருந்தது ரெண்டு நாள்ல போயிருமா, மருமகளே?”

ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வியைத்தான் யாராவது கேட்டிருப்பார்கள்.

கடைசியில் அத்தை உள்ளே இருந்து, “தம்பி, நாளைக்குப் போங்க” என்றார். அஷ்டமி அத்துடன் விலகியது.

ஐந்தாம் நாள் இரத்தினபுரி பஸ். டிரைவருக்கு மேலே புத்தர், பிள்ளையார், வண்ண விளக்குகள், எல்லாருக்கும் மேலே பாட்டு. நடத்துநர் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டு, இன்னும் உள்ளே போகச்சொல்லி எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போனால் எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டியதுதான். மூன்றாவது வளைவில் யாழினி “அம்மா” என்றாள். அந்த அம்மாவுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். மடியில் இருந்ததோ ரோல் வைத்த பை. குழந்தையா பையா என்று ஒரு நொடி தயங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பையைத் தூக்கினேன், குழந்தை என் சேலையில் வாந்தியெடுத்தது. பக்கத்துச் சீட்டுச் சிங்கள அம்மா தன் பையில் இருந்து எலுமிச்சம்பழம், துணி, சிலிசிலி எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துத் தந்துவிட்டு ராமையா மாமாவிடம் ஏதோ கேட்டார்.

“என்ன சொல்றாங்க?”

“பையில அப்படி என்னா மாணிக்கமான்னு கேக்குறாங்க. இரத்தினபுரிக்குப் போறோம்ல.”

சொல்லிவிட்டு மாமா சிரிக்கப் பார்த்தார். அது சரியாக வரவில்லை.

இரத்தினபுரிக் கடைத்தெருவில், இருந்தவற்றில் பழைய ஸ்டூடியோ ஒன்றைக் கண்டுபிடித்தோம். நடத்துபவரை எல்லாரும் ‘நானா’ என்றார்கள்; அங்கத்து முஸ்லிம்களின் ‘அண்ணன்’. பாஸ்போர்ட் படம், லேமினேட்டிங், போன் ரீலோட். மூலையில் பழைய கலர் லேப் இயந்திரத்தின் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி.

“ஃபிலிமா? அல்லாவே. அந்த மெஷின் மௌத்தாகிப் பல காலம், தங்கச்சி. ஆனா கறுப்பு வெள்ளை மருந்து இருக்கு. கொழும்புப் புள்ளைங்க வாப்பாட கேமராவத் தூக்கிட்டு மலை ஏற வருதுகள். அதுகளுக்கு ஃபிலிம் இப்ப ஃபேஷன்.”

“இது கலர் ஃபிலிம். இவ்வளவு பழசுன்னா கறுப்பு வெள்ளை மருந்துல கழுவுறதுதான் நல்லதுன்னு படிச்சேன்.”

“எங்க படிச்சீங்க?”

“போன்ல.”

“போனு சொல்றது சரியாத்தான் இருக்கும். என்னட்ட வேற மருந்தும் இல்ல.”

நம்பிக்கை வைக்காதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, நம்பிக்கை வைக்கும்படியான கதைகளாகச் சொன்னார். தாமதம் ஃபிலிமை மட்டுமல்ல, காகிதத்தையும் கெடுக்குமாம். முன்னொரு காலத்தில் கல்யாண சீசனில், சாயங்காலம் காகிதத்தில் வெளிச்சம் காட்டி வைத்துவிட்டு அலுப்பில் மருந்தில் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டாராம். அடுத்த நாள் கழுவினால் எல்லாப் படமும் வெளிறிப்போய் வந்ததாம்.

“மாப்புள நல்ல கறுப்பு. படத்துல வெள்ளைக்காரன் மாதிரி வந்துட்டாரு. நான் பயந்து போயிட்டன். அவங்க வீட்டாக்கள் சந்தோசப்பட்டு இன்னும் ரெண்டு காப்பி கேட்டாங்க!”

ராமையா மாமா இதற்கும் சிரிக்கவில்லை. “நா வெளிய நிக்கிறேன்” என்று யாழினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நானா கறுப்புப் பைக்குள் கையை விட்டு ரோலை உடைத்து, ஒரு டப்பாவுக்குள் சுற்றி, மருந்தை ஊற்றிக் குலுக்கினார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். குலுக்குவதை நிறுத்தாமல் வாய்க்குள் பதில் சொன்னார். நான் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தேன்.

ஈரச் சுருளைத் தூக்கிப் பிடித்தபோது முதலில் தெரிந்தது சேறு. வெளிச் சுற்றுகள் எல்லாம் ஒரே கருப்பு. கல்யாணம் முழுவதும் போயிருந்தது. ஃபிலிமின் ஒரு கட்டத்தில் ஒரு விளக்கின் புள்ளி. இன்னொன்றில் யாருடையதோ தோள். செந்திலின் அப்பா “எல்லாத்துலயும் நிப்பாரு” என்று மாமா சொன்னாரே, அவர் எல்லாவற்றிலும் சேறாக நின்றுகொண்டிருந்தார். செந்திலிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேட ஆரம்பித்தேன்.

“பொறுங்க” என்றார் நானா. “உள்ளுக்குள்ள சுத்தி இருந்தது கொஞ்சம் தப்பிச்சிருக்கு. இந்தா, கடைசியா எடுத்தது.”

கடைசியாக எடுத்த அந்தக் கட்டத்தில் உருவங்கள் இருந்தன. போனில் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாக மாற்றும் பொத்தானை அழுத்தினேன்.

லயத்து வாசல். நாற்காலியில் ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் மாலை. நல்ல அகன்ற நெற்றி, அதில் ஒரு காசு. கண் மூடியிருக்கிறது. தாடையைச் சுற்றித் தலைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி முடிச்சு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை.

“இன்னாலில்லாஹி” என்று, இறந்தவர்களுக்காகச் சொல்வதை, நானா மெல்லச் சொல்லிவிட்டுச் சுருளைக் காயப்போடப் போனார்.

வெளியே ராமையா மாமா யாழினிக்கு மீன் வைத்த மாலு பன் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“விழுந்திருக்கா?”

போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் கடையின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஒரே ஒரு படம். ஃப்ளாஷ் அடிச்சுச்சா இல்லையான்னுகூடத் தெரியல. இது விழாம இருந்தா அண்ணிகிட்ட என்னா சொல்றதுன்னுதான்…” அஷ்டமியும் எமகண்டமும் எதற்கென்று அப்போது எனக்குப் புரிந்தது.

“எழவு எடுக்க முடியுமான்னு கேட்டீங்களே, மாமா?”

“எடுத்துட்டேன். அதுக்குத்தான் பெரிய சண்டை. கல்யாணமும் சாவும் ஒரே ரோல்ல. இத கழுவி வெளிய எடுத்தா சரோஜா தாலிக்கு ஆகாதுன்னுட்டாங்க. அவ கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம்கூட ஆகல. அண்ணி சரின்னுட்டாங்க.”

ஆக, சரோஜாவின் தாலிக்காக ரோல் இருட்டில் இருந்தது. சரோஜாவின் கணவர் ரோலை யாரும் தொடாமலே, இனிப்பைத் தொட்டுத் தொட்டு, தன் வழியில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகுதான் “இனிமே கழுவிக்கலாம்.” முப்பது வருஷக் காவலின் பலன் கணக்கில் இவ்வளவுதான். கோபப்படலாமா என்று யோசித்தேன். யார் மேல் என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் செந்திலுக்கு நாலு செய்தி எழுதி நாலையும் அழித்தேன். படம் வரவில்லை. படம் வந்தது, ஆனால். படம் வந்தது, நேரில் காட்டுகிறேன். அப்பா நிம்மதியாக இருக்கிறார். அப்பாவின் முகம் வேண்டும் என்று இத்தனை காலம் ஏங்கியவருக்கு நாடிக்கட்டோடு ஒரு முகத்தை அனுப்புவதா? அனுப்பாமல் இருக்க நான் யார்? இவர்கள் ஒரு ரோலை முப்பது வருஷம் பூட்டி வைத்ததைக் கிண்டல் செய்துகொண்டே வந்தவள், ஒரே மத்தியானத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

லயத்துக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். போனைக் கொடுத்தேன். சுளகை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அழவில்லை. அவருடைய விரல் கணவரின் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“நாந்தான் எடுக்கச் சொன்னேன்” என்றார். “ஒரு படம் எடுங்க தம்பி, நாளைக்குப் புள்ள கேப்பான்னு சொன்னேன். எல்லாரும் ஏசினாங்க.”

“தாலிக்கு ஆகாதுங்கிறத நம்பினீங்களா, அத்தை?”

“நம்புறது என்னா நம்புறது. காய்ச்சலும் சீனி வியாதியும் ரோலு பாத்தா வருது? ஆனா நா கழுவி, அதுக்கப்புறம் அந்த மனுசனுக்கு ஒரு தலைவலி வந்தாலும் இந்தத் தோட்டம் யாரச் சொல்லும்? சரோஜா என் மூஞ்சிலதான் முழிக்கணும், நா அவ மூஞ்சில முழிக்கணும்.” படத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “கெட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் வெயில்ல வச்சேன்.”

வெயில்தான் கெடுத்தது என்பதை நான் சொல்லவில்லை. இந்தப் பயணத்தில் இரண்டாம் யோசனை இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் அது.

“இதைச் செந்திலுக்கு அனுப்பலாமான்னு தெரியல. இந்தக் கோலத்துல…”

“அனுப்பு புள்ள. அப்பா மொகம் வேணும்னான். எப்பேர்ப்பட்ட மொகம்னு கேட்டானா?”

அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான அடையாளம் உடனே விழுந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. ராமையா மாமா சும்மா இருக்க முடியாமல் அடுப்பை ஊதப் போனார். யாழினி சிந்திய அரிசியைக் கோழிக்கு வீசிக்கொண்டிருந்தாள். நான் அனுப்பியதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். பார்த்தாயிற்று, இனி அழித்து என்ன?

வெகுநேரம் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது. அத்தையும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

“பார்த்தேன்” என்றார் செந்தில். அவர் மூச்சு கேட்டது. “அம்மா இவ்வளவு சின்னப் பொண்ணா? யாரும் எங்கிட்ட சொல்லலியே.”

அத்தை போனை என்னிடம் இருந்து திரும்ப வாங்கினார். விரலைக் கணவரின் முகத்தைத் தாண்டி நகர்த்தி, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவளின் மேல் வைத்து, யாழினி செய்வதைப் பார்த்துப் பழகியதுபோல் இரண்டு விரலால் பெரிதாக்கி, தன்னை முதல்முறையாகப் பார்த்தார்.